கொட்டாய் காலியான மாசம்

கடைசிக் கோழியும் லாரி ஏறிப் போன மறுநாள் காலை, சௌந்திரத்துக்கு வழக்கம்போல ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கழுவி, டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டாய் வரைக்கும் நடந்த பிறகுதான் அங்கே தீவனம் வைக்க ஒரு உயிரும் இல்லை என்பது உறைத்தது. முந்நூறு அடி நீளக் கொட்டாய். இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. ஒன்பதாயிரம் கோழிகளின் சத்தத்துக்கு நடுவில் இருபத்தாறு வருஷம் பேசிப் பேசியே அவளுக்கு ஊரில் பெரிய தொண்டைக்காரி என்று பெயர் வந்திருந்தது. இப்போது லேசாக ஒரு செருமல் செருமினாலும் அது கொட்டாயின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. அவளுக்கு அது என்னவோ போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பி, டீ போட்டு எடுத்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து போனில் அந்தமான் படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மகள் தனப்பிரியா சென்னையிலிருந்து அனுப்பிய படங்கள் அவை. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத தண்ணீர், மாவு போல மணல், இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவில் ஒரு கயிற்று ஊஞ்சல். சௌந்திரம் தென்னையைப் பார்க்காதவள் இல்லை. பண்ணையை ஒட்டிய அவர்கள் காட்டிலேயே நாற்பது மரம் நிற்கிறது, விழுந்த மட்டையை எடுத்துப் போடத்தான் ஆளில்லை. அந்த மரத்தில் கயிற்றைக் கட்டி ஆடலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அதுதான் அவளுக்கு ஆச்சரியம். முதல் தடவை படத்தைப் பார்த்தபோது மகளிடம் கேட்டாள்.

"அங்க போயி என்ன கண்ணு பண்றது?"

"ஒன்னும் பண்ண வேண்டாம்மா. சும்மா இருக்கோணும், அவ்வளவுதான்."

"சும்மா இருக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறோணுமா?"

இப்படிக் கேட்டாளே தவிர, தீவுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அவளேதான். அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், காலேஜ் லீவில் வந்திருந்த மகளைப் பண்ணையில் உட்கார வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக ஏற்காடு கிளம்பினார்கள். அடிவாரத்தில் பஸ் நின்றபோது போன் வந்தது. தண்ணீர் மோட்டார் ஓடவில்லையாம். கேட்டதும் அவள் புருஷன் சின்னுசாமி எழுந்துவிட்டார். இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். அவளும் புளிச்சோற்றுத் தூக்கோடு பின்னாலேயே ஏறினாள். ஊருக்குள் வந்து சேர்வதற்குள் மகளே மோட்டாரைச் சரிபண்ணி ஓட்டியிருந்தாள். அந்தப் புளிச்சோற்றை மூன்று பேரும் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து தின்றார்கள். அன்றைக்கே சௌந்திரம் மனசுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இந்த மனுஷனோடு எங்கேயாவது போவதென்றால், பாதியில் இறங்கித் திரும்பி வர பஸ் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் போக வேண்டும். கடலைத் தாண்டிப் போய்விட்டால் எதில் ஏறுவார்?

சின்னுசாமியைக் குறை சொல்லியும் பயனில்லை. பண்ணை வைத்த புதிதில், சித்திரை மாசம், அவள் தம்பி கல்யாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். பகல் பதினொரு மணிக்கு கரண்ட் நின்றிருக்கிறது. ஜெனரேட்டரைப் போடத் தெரியாமல் காவலாள் கையைப் பிசைந்திருக்கிறான். தண்ணீர் தெளிக்கும் குழாயும் ஓடாமல், காற்றும் இல்லாமல், அவர்கள் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் எண்ணூறு கோழி மூச்சு முட்டிச் செத்துப் போயிருந்தது. கல்யாணப் பட்டுப்புடவையோடு அவள் செத்த கோழிகளை அள்ளிக் குழியில் போட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட இரண்டு பேரும் ஒன்றாகப் பண்ணையை விட்டுப் போனதில்லை, அந்த ஏற்காட்டு அடிவாரம் தவிர. கல்யாணம் என்றால் முதல் நாள் பொழுதோடு நடக்கும் வரவேற்புக்கு அவள். மறுநாள் முகூர்த்தத்துக்கு அவர். அவள் வந்து இறங்கினால்தான் அவர் கிளம்புவார். இழவு வீட்டுக்கும் அப்படித்தான், ஒருத்தர் எடுப்பதற்கு முன்னால், ஒருத்தர் கருமாதிக்கு. சொந்தக்காரர்கள் கேலி பேசிப் பேசி அலுத்து, இப்போது பத்திரிகை வைக்கும்போதே "அக்கா மொத நாளு, மாமா மறுநாளு, மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எக்ஸெல் வண்டியில் அவளைப் பின்னால் உட்கார வைத்து வாய்க்கால் பாலம் வரை கொண்டுவந்து விடுவது அவர் வேலை. பாலத்தைத் தாண்டியதும் பஸ் நிற்கும் இடம். வண்டியை நிறுத்துவாரே ஒழிய, இன்ஜினை அணைக்க மாட்டார். அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்வதற்குள் வண்டி திரும்பியிருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அவள் பஸ் ஏறுவதை அவர் பார்த்ததே கிடையாது. கோழிக்கு நேரமாகிறது, நியாயம்தான். அவளும் இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கவனித்திருக்கிறாள்.

ஆக, இந்த மாசி மாசத்துக்காக அவள் ஒன்றரை வருஷமாகத் திட்டம் போட்டிருந்தாள். சின்னக் கொட்டாயின் கூரை போன ஐப்பசிக் காற்றில் சரிந்ததை அவள்தான் உடனே கட்ட விடவில்லை. பெரிய கொட்டாயில் முட்டை ஓய்ந்த கோழிகளை விற்ற கையோடு புதுக் குஞ்சு இறக்கிவிடாமல், பங்குனிக் கடைசிக்கு என்று சொல்லி வைக்கச் செய்ததும் அவள்தான். கூண்டு கழுவ, சுண்ணாம்பு அடிக்க ஒரு வாரம் போதும். மிச்சமிருந்த நாட்களில் ஐந்து நாள் அவளுக்கு வேண்டும். கோழி போன பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை சென்னையில் விமானம். புதன் சாயங்காலம் ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். மகள் எழுதி அனுப்பிய சாமான் பட்டியலை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வெயிலுக்கு முகத்தில் தடவும் களிம்பு, அகலத் தொப்பி இரண்டு, நனைந்தால் உடனே காயும் துணி, ஆதார் அட்டை. பட்டியலில் இல்லாத எள்ளுருண்டையையும் பருப்புப்பொடியையும் அவளே சேர்த்துக்கொண்டாள். சின்னுசாமிக்கு முழங்கால் வரைக்குமான ஒரு கால்சட்டை சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "ஏம்புள்ள, கெழட்டுக் கொக்காட்ட இருக்கறனா?" என்று கேட்டார். அவள் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அவரும் வரத்தான் போகிறார் என்று அவள் முழுசாக நம்பியது அந்த நிமிஷத்தில்தான்.

கோழி போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொழுதோடு மாரியாத்தா கோயிலில் கூட்டம் என்று சின்னுசாமி போய்விட்டு வந்தார். ஆறு வருஷமாக அந்த ஊரில் ஆத்தாளுக்கு எடுக்கும் திருவிழா, நோம்பி, நின்று போயிருந்தது. பூக்கூடையை யார் வகையறா முதலில் தூக்குவது என்று இரண்டு பங்காளிக் கூட்டத்துக்கும் தகராறு. ஸ்டேஷன் வரைக்கும் போன சண்டை. சின்னுசாமிதான் இவர்கள் வகையறாவுக்கு மூத்தவர். அன்றைக்கு வந்தவர் முகம் கழுவிய கையோடு உட்கார்ந்து, கேட்காமலேயே மூன்றாவது தோசையையும் போட்டுக்கொண்டார்.

"நோம்பி சாட்டறதுன்னு முடிவாயிருச்சு சௌந்திரம். சென்றாயனே எந்திரிச்சு, அண்ணா இந்த வருசம் கூடைய நீங்களே எடுங்கன்னு சொல்லிப்போட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு போ."

சென்றாயன்தான் எதிர்க்கூட்டத்துக்கு மூத்தவன். சௌந்திரத்துக்கும் சந்தோஷம்தான். "எப்பங்க பூச்சாட்டு?" என்றாள்.

"வர்ற செவ்வாய் இல்ல, அதுக்கடுத்த செவ்வாய். தேதியே நாஞ் சொன்னதுதான். ஆளுக்கொரு தேதியாச் சொல்லிட்டுக் கெடந்தானுக. நாஞ் சொன்னேன், மாசிக் கடைசியில வெச்சா எனக்குக் கொட்டாயி காலி, பதினஞ்சு நாளும் முன்னால நின்னு பாத்துக்குவேன்னு. எல்லாரும் செரின்னுட்டாங்க."

தோசைக்கரண்டி அவள் கையிலேயே இருந்தது. கல்லில் தோசை கருகுகிற வாசனை வந்தது. அவள் திருப்பவில்லை.

"கொட்டாயி எதுக்குங்க காலியாக் கெடக்குது?"

சின்னுசாமி அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை ஒரு தடவை பார்த்தார். கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "அட, ஆத்தா" என்றார்.

பூச்சாட்டு அன்று பொழுது சாய்ந்து எட்டு மணிக்குக் கோயிலில் மேளம் தட்டி, ஆத்தா தலையில் பூப் போடுவார்கள். அந்த மேளச் சத்தம் கேட்கும்போது ஊர் எல்லைக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். பதினைந்தாம் நாள் கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கி நோம்பியை முடிக்கும் வரைக்கும் பகலில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், இருட்டினால் ஊரில்தான் படுக்க வேண்டும். மேளம் தட்டும்போது வெளியூரில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. துபாயில் வேலை பார்க்கிறவன்கூட நோம்பி சாட்டுகிற வாரம் லீவில் வந்திருந்தால் பதறிக்கொண்டு முந்தின நாளே கிளம்பிவிடுவான். கட்டை மீறி வெளியே தங்கி, திரும்பி வந்து அம்மை வார்த்துக் கிடந்தவர்கள் கதை ஆளுக்கொன்று ஊரில் உண்டு. சௌந்திரமும் அதை நம்புகிறவள்தான். ஆத்தாளோடு வம்பு வைத்துக்கொள்ள அவளால் ஆகாது.

தேதியை மாற்றச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆறு வருஷம் கழித்து ஒட்டிய சொந்தம். அந்தமான் போகிறோம், அதனால் சாமியைத் தள்ளி வையுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்தமானைத் தள்ளி வைக்கலாமா என்றால், நோம்பி முடிந்த மறுவாரம் குஞ்சு வருகிறது. சரிந்த கொட்டாயையும் வெயிலுக்குள் கட்டி எழுப்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு கொட்டாய் காலியானால் இன்னொன்று நிறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து காலியாவது இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை நடக்காது. அவள் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். அதெல்லாம் முட்டை அட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டையோடு போய்விட்டது. அவர் வேண்டுமென்று செய்திருந்தால்கூட நாலு வார்த்தை கேட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள். இவர் மறந்தல்லவா போனார். ஒன்றரை வருஷமாக அவள் எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவர் கண்ணுக்கு வெறும் வேலையில்லாத நாட்களாகத்தான் தெரிந்திருக்கின்றன. வேலையில்லாத நாளைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும், உடனே ஒரு வேலையை எடுத்து அதில் வைத்துவிடுவார். அவளுக்கு நெஞ்சு வலித்தது அங்கேதான்.

இரண்டு நாள் சின்னுசாமி வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார். மூன்றாம் நாள் கூண்டுக் கம்பிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தவர், குழாயை மூடிவிட்டு அவளிடம் வந்தார். நன்றாக யோசித்துத் தீர்வு கண்டுபிடித்தவரின் தெளிவு முகத்தில் இருந்தது.

"இப்பிடிச் செஞ்சா என்ன? நீ செவ்வாக்கெழம பொழுதோட, மேளம் தட்டறதுக்கு முன்னாலயே கெளம்பி மக ஊட்டுக்குப் போயிரு. வியாழக்கெழம அங்கிருந்து அப்பிடியே ஏரோப்ளேன் ஏறிக்க. நீ மொதல்ல போயிட்டு வந்துரு. நான் இன்னொருக்கா போயிக்கிறேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் விளக்குமாறு இருந்தது.

"தீவுக்குமாங்க ஆள் மாத்தி ஆளு?"

"கண்ணாலத்துக்கெல்லாம் அப்பிடித்தான போனோம்?" என்றார். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னுசாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். தனப்பிரியாவும் போனில், "தனியா எப்பிடிம்மா போவ? கொழந்தைய வெச்சிட்டு என்னாலயும் வர முடியாது. கேன்சல் பண்ணிரட்டுமா?" என்று கேட்டாள். செரி, பண்ணிரு என்று சொல்லத்தான் சௌந்திரம் வாயெடுத்தாள், "நான் போறேன் கண்ணு" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. போகாவிட்டால் மேளச் சத்தம் கேட்கும்போது அவளும் எல்லைக்குள்ளே இருப்பாள். இந்த வருஷம் முழுக்க அந்தக் காலிக் கொட்டாயைப் பார்க்கும்போதெல்லாம் இதுவேதான் ஞாபகம் வரும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த புதிதுக்குப் பிறகு இரண்டு பேர் துணியும் ஒரே பைக்குள் போனது இந்தத் தடவைதான். அதை இப்போது பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய அரைக்கைச் சட்டை இரண்டு, வேட்டி, துண்டு, ஒரு தொப்பி. கடைசியாக அந்தக் கால்சட்டை. எல்லாவற்றையும் எடுத்த பிறகு பை தொளதொளவென்று மடங்கி விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கால்சட்டையை மட்டும் மடித்து மறுபடி அடியில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு நாமக்கல் பஸ். ஐந்து மணிக்கே சின்னுசாமி மஞ்சள் வேட்டி கட்டி, குளித்த ஈரத்தலையோடு வண்டியை எடுத்தார். கோயிலில் ஏழு மணிக்கு அவர் இருந்தால் போதும். வழியெல்லாம் வேப்பந்தழை கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காட்டு அத்தாயி எதிரே வந்து, "ஏனுங்கக்கா, நோம்பியும் அதுவுமா எங்க பயணம்?" என்று கேட்டாள். "ஒரு எடத்துக்கு, அத்தாயி" என்றாள் சௌந்திரம். பின்னால் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தாள். வழக்கமாக அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், இன்று வண்டியின் கம்பியைப் பிடித்திருந்தாள்.

பாலம் தாண்டி வண்டி நின்றது. அவள் இறங்கினாள். தலை நிமிராமல் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். வண்டி திரும்பும் சத்தத்துக்காக அவள் காது காத்திருந்தது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் இன்ஜின் அதே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள். சின்னுசாமி சாவியைத் திருகி எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"போவலீங்களா?"

"போயி?" என்றார். "கொட்டாயி காலியாத்தான கெடக்குது."

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் துண்டால் தட்டிவிட்டு அவர் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜேடர்பாளையம் அணையிலிருந்து வருகிற தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடியது. மதகில் விழுந்து திரும்புகிற இடத்தில் அது ஓயாமல் இரைந்தது. இத்தனை வருஷம் இந்த இடத்தில் நின்று பஸ் ஏறியிருக்கிறாள், தண்ணீர் இவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் இன்ஜின் சத்தம். அது போனதும் பஸ் வருகிறதா என்ற பரபரப்பு. அதற்கு நடுவில் இதைக் கேட்க நேரம் இருந்ததில்லை. பஸ் அன்றைக்குத் தாமதம். அவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழைத்தார் ஏற்றிய ஒரு வேன் போயிற்று. தெரிந்தவன் ஒருவன் சைக்கிளில் போகும்போது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

"அந்த ஊஞ்சலு," என்றார் சின்னுசாமி, "ஒருத்தரு ஒக்கார்றாப்பலயா, ரெண்டு பேரா?"

"ரெண்டு பேராட்டந்தான் இருந்துச்சுங்க."

"கயிறு தாங்குமா?"

"தெரியலீங்க. போயிப் பாத்தாத்தான்."

அவர் தலையாட்டினார். அவள் காலடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கனம் பார்ப்பவர் போல ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். ஊருக்குள் யாரோ மேளத்தைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் சத்தம் இரண்டு முறை கேட்டு அடங்கியது. எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது, அதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டால் அவருக்கும் கட்டு கிடையாது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம், சொன்னால் அவர் ஏதாவது முடிவு சொல்லிவிடுவார் என்று பயந்தாள்.

புளியமர வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே, "நாமக்கல், நாமக்கல், ஏறுங்க, சீக்கிரம்" என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவள் கை நீட்டிப் பையின் ஒரு காதைப் பிடித்தாள். இன்னொரு காது அவர் கையில் இருந்தது. பை அவர்களுக்கு நடுவில் தொங்கியது.